சிப்காட் சாலையில் எத்தனை மைனா?

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் சிட்டுக்குருவியைப் பற்றிக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எங்க இருக்கு?" காரணமும் கேட்காமலே வந்துவிடும். செல்போன் கோபுரம். 2018-ல் வந்த '2.0' திரைப்படம் அந்த நம்பிக்கையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அதே கடைத்தெருவில், அரிசி மண்டி வாசலில் சிந்திக்கிடக்கும் நொய்யைச் சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து பொறுக்குவதையும் பார்க்கலாம். அப்படியானால் குறைந்திருக்கிறதா, இல்லையா?

நினைவை நம்பி இதற்கு விடை சொல்ல முடியாது. ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர் இன்று ஆவடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். அன்று உத்தரத்து இடுக்கில் கூடு இருந்தது. இன்று வீட்டில் உத்தரமே இல்லை. குருவி ஊரைவிட்டுப் போனதா, அவர் குருவி இருந்த இடத்தைவிட்டு வந்துவிட்டாரா என்று அவருடைய நினைவால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அன்று தினமும் கண்ணில் பட்டதை யாரும் குறித்துவைக்கவில்லை. குறிக்காத ஒன்று எவ்வளவு குறைந்தது என்று எதை வைத்து அளப்பது?

இந்தக் கேள்விக்கு 2020-ல் ஓரளவு விடை கிடைத்தது. 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை அந்த ஆண்டு வெளியானது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையாகவே இருந்திருக்கிறது என்றது அது. ஆனால் சென்னை, பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைந்துவருகிறது என்றும் சொன்னது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும், கூடு கட்ட இடுக்கு இல்லாததும் அதைவிடப் பொருத்தமான காரணங்களாகத் தெரிகின்றன. ஆக, நகரத்துக்காரரின் புலம்பலில் உண்மை இருந்தது. ஆனால் அது நாடு முழுவதற்குமான உண்மை இல்லை.

இந்த முடிவுக்கு ஆதாரம் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களின் கணக்கெடுப்பு அல்ல. மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்று பறவை பார்த்து எழுதிவைத்த சாதாரண மக்களின் பட்டியல்கள். 2023-ல் வந்த அடுத்த அறிக்கைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள் பயன்பட்டன. இதைத்தான் மக்கள் அறிவியல் என்கிறோம். பயிற்சி இல்லாத பல்லாயிரம் கண்கள் பார்த்ததை எப்படி நம்புவது என்ற சந்தேகம் நியாயமானது. அந்தச் சந்தேகத்துக்கு அறிவியல் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

பறவைகளை முழுவதுமாக எண்ண முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை மைனா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. பழவேற்காட்டு மீனவர் ஏரியில் இருக்கும் இறாலை எண்ணுவதில்லை. ஆனாலும் இந்த ஆண்டு ஏரி எப்படி என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார். போன ஆண்டு இதே வலையை இதே இடத்தில் இரண்டு மணி நேரம் போட்டால் இரண்டு கூடை வந்தது, இப்போது விடிய விடியக் கிடந்தும் ஒரு கூடை நிறையவில்லை என்பார். மொத்த இறால் எவ்வளவு என்பது தெரியாமலே ஏற்ற இறக்கம் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு பிடித்தார் என்பதோடு எவ்வளவு நேரம், எந்த வலை, எந்த இடம் என்பதும் அவர் கணக்கில் இருப்பதால்தான் இது முடிகிறது. பறவைக் கணக்கில் இதற்கு முயற்சி அளவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பேர் பார்த்தீர்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததே முயற்சி அளவு. 'நேற்று நாற்பது கொக்கு பார்த்தேன்' என்பது செய்தி. 'காலை ஆறரை மணி முதல் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்று நாற்பது கொக்கு பார்த்தேன்' என்பது அளவீடு.

அடுத்ததுதான் பலர் கவனிக்காமல் விடுவது. பட்டியல் முழுமையானதாக இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டி, உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளும் அதில் இருக்க வேண்டும். 'காக்கைதானே, அதை எதற்கு எழுதுவது' என்று விட்டுவிடக் கூடாது. ஏன் என்றால், முழுமையான பட்டியலில் எழுதப்படாத பெயரும் ஒரு தகவல். எல்லாவற்றையும் எழுதியவர் சிட்டுக்குருவியை எழுதவில்லை என்றால் அவர் அதைப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். பிடித்ததை மட்டும் எழுதியவர் எழுதவில்லை என்றால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. குருவி இல்லையா, அவருக்கு எழுதத் தோன்றவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. நாட்டில் எடுக்கப்படும் பறவைப் படங்கள் எத்தனை லட்சம்! அழகான பறவையின் படங்கள் மட்டுமே குவியும் இடத்தில் இல்லாமைக்கு இடமே கிடையாது. அறிவியலுக்கோ இல்லாமை அவ்வளவு முக்கியம்.

இப்படி வந்த பட்டியல்களிலிருந்து மிக எளிய ஓர் அளவு கிடைக்கிறது. ஒரு வட்டாரத்திலிருந்து நூறு முழுமையான பட்டியல்கள் வந்தன, அவற்றில் அறுபதில் சிட்டுக்குருவி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து அதே வட்டாரத்தின் நூறு பட்டியல்களில் நாற்பதில்தான் இருக்கிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. இதைத் தென்படும் விகிதம் எனலாம். எத்தனை குருவி என்று யாரும் சரியாக எண்ணவில்லை என்றாலும் பாதகமில்லை. இருந்ததா, இல்லையா என்ற விடைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் போதும்.

இங்கே கவனமான வாசகர் ஒரு தடை எழுப்புவார். பார்க்கவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. குயில் ஆண்டு முழுவதும் நம் மரங்களில்தான் இருக்கிறது. மார்கழியில் அது பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பங்குனி, சித்திரையில் விடியுமுன்பே கூவத் தொடங்கிவிடும். மார்கழிப் பட்டியலில் குயில் குறைவாகவும் சித்திரைப் பட்டியலில் நிறையவும் இருப்பதைப் பார்த்து, நான்கு மாதத்தில் குயில் பெருகிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். போகியன்று காலையில் பொன்னேரிப் பக்கம் எண்ணப் போகிறவருக்குப் பனியும் புகையும் சேர்ந்து ஐம்பது அடிக்கு அப்பால் எதையும் காட்டாது. அன்றைய பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும். பறவை இருக்கும் இடத்தில் அது நம் கணக்கில் படுவதற்கான வாய்ப்பைக் கண்டறியும் வாய்ப்பு என்போம். அது பறவைக்குப் பறவை, மாதத்துக்கு மாதம், ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த வாய்ப்பை அளக்க முடியும் என்பதுதான் வியப்பு. வழி எளிது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏரிக்கரைப் புதரில் ஒரு செண்பகம் வாழ்வது உறுதியாகத் தெரியும். பத்து முறை போனதில் மூன்று முறைதான் அது பட்டியலில் வந்தது. ஆக ஒரு முறை போனால் அதைத் தவறவிடும் வாய்ப்பு பத்துக்கு ஏழு. இரண்டு முறை போனால் இரண்டு முறையும் தவறவிடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. ஐந்து முறை போனால் ஆறில் ஒரு பங்கு. பத்து முறையும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இப்போது செண்பகம் இருக்கிறதா என்று தெரியாத இன்னொரு புதருக்குப் பத்து முறை போய் ஒரு முறையும் பார்க்கவில்லை என்றால், அங்கே அது இல்லை என்று கணிசமான நம்பிக்கையோடு சொல்லலாம். எவ்வளவு நம்பிக்கை என்பதையும் எண்ணால் சொல்லலாம். ஒரே இடத்தில் வாரந்தோறும் எண்ணுவதற்கு இருக்கும் மதிப்பு இதிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கொரு முறை ஐம்பது இடங்களுக்குப் போகிறவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கால்மணி நேரம் நிற்கும் ஒருவர், 'இங்கே இல்லை' என்று சொல்லும் தகுதியைப் பெற்றுவிடுகிறார்.

சரி, ஆட்கள் தவறு செய்வார்களே? செய்வார்கள். தவறுகளில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கூட்டத்தைக் கூடுதலாக எண்ணுவார், மற்றவர் குறைவாக எண்ணுவார். இத்தகைய தவறுகள் எல்லாத் திசையிலும் சிதறுவதால் பட்டியல்கள் பெருகப் பெருக ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆபத்தானது ஒரே பக்கம் சாயும் தவறு. இருபது ஆண்டுகளுக்கு முன் கையில் நல்ல தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் குறைவு. இன்று தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் கேமரா இருக்கிறது. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறது. பார்ப்பவரின் திறமை கூடக் கூட, பறவை ஒன்றுகூட அதிகமாகாமலே எல்லாப் பறவையும் அதிகமானதுபோல் தோன்றும். ஆயிரம் பட்டியலை லட்சம் பட்டியலாக்கினாலும் இந்தச் சாய்வு போகாது.

அறிக்கையைத் தயாரித்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. ஒரு பட்டியலில் மொத்தம் எத்தனை வகைப் பறவைகள் உள்ளன என்று பார்த்தார்கள். இதைப் பட்டியல் நீளம் எனலாம். திறமையானவரின் பட்டியல் நீளும். நீண்ட நேரம் பார்த்தவரின் பட்டியலும் நீளும். வெளிச்சம் நன்றாக இருந்த நாளின் பட்டியலும் நீளும். ஆகவே நீளம் இவை அனைத்தையும் ஓரளவு தன்னுள் அடக்கிக்கொள்கிறது. நாற்பது வகை கொண்ட பழைய பட்டியலை நாற்பது வகை கொண்ட புதிய பட்டியலோடு ஒப்பிட்டால் திறமையும் உழைப்பும் ஏறக்குறையச் சமமாகிவிடும். அதற்குப் பிறகும் சிட்டுக்குருவி குறைவாகத் தென்பட்டால் அது உண்மையான குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பார்ப்பவர் யார் என்று தெரியாமலே பார்ப்பவரின் திறமைக்குத் திருத்தம் செய்துவிடுகிறது இந்த முறை.

அடையாளத் தவறுகளுக்கு வேறொரு சல்லடை உண்டு. இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் இ-பேர்ட் என்ற தளத்தில் சேர்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது அது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில், எந்தப் பறவை எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்று அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். தை மாதத்தில் பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தைக் குறித்தால் எந்தக் கேள்வியும் வராது. வேனிலில் பழவேற்காட்டு ஏரியில் வரித்தலை வாத்து என்று குறித்தால், உறுதியா என்று திரை உடனே கேட்கும். குளிர்காலம் முடிந்ததும் வடக்கே திரும்பிப்போகும் பறவை அது. அப்பதிவு அந்த வட்டாரத்தை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவரின் பார்வைக்குப் போகும். அவர் விவரமோ படமோ கேட்பார். திருப்தி இல்லையென்றால் ஆய்வுக் கணக்கில் அது சேராது. கேள்வி வந்தால் யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் வரும்.

இவ்வளவு சல்லடையையும் தாண்டி ஒரு குறை தங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டிக்கு அது மிகவும் பொருந்தும்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்களையும் குறைவாகக் கிடைக்கும் இடங்களையும் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடத்தில் ஒருவரே என்றும் நிற்க முடியாது. மோசமான இடமும் யார் கைக்காவது வந்தே தீரும். அவர்கள் அதைச் செய்வது நியாயத்துக்காக. அதன் உடன்விளைவாக ஏரியின் எல்லா மூலையிலும் வலை விழுகிறது, ஏரி முழுவதன் நிலையும் அந்தச் சமூகத்துக்குத் தெரிகிறது. பறவை பார்ப்பவர்களுக்குப் பாடு கிடையாது. எல்லோரும் நல்ல இடத்துக்கே போகிறோம். குளிர்கால ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வண்டி வண்டியாகப் பழவேற்காட்டுக்குப் போவார்கள். பூநாரை, கூழைக்கடா, வலசை வாத்துகள் எல்லாம் பட்டியலில் ஏறும். அங்கிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே உருக்காலைப் புகைக்கும் லாரி வரிசைக்கும் நடுவில் காக்கையையும் மாடப்புறாவையும் எண்ண யார் போவார்கள்?

கணக்குப் போடுபவர்கள் இதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள். நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, பட்டியல் நிறைய வந்த கட்டம் குறைவாக வந்த கட்டத்தை அமுக்கிவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு கட்டம் இருபத்தைந்து கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பழவேற்காட்டுக் கரையும் சிப்காட்டும் ஒரே கட்டத்துக்குள் விழக்கூடும். பட்டியல்கள் எல்லாம் ஏரிக்கரையிலிருந்தே வந்தால் அந்தக் கட்டம் முழுவதும் ஏரி என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். தொழிற்பேட்டை, சவுக்குத் தோப்பு, கைவிடப்பட்ட வயல், செங்கல் சூளை, பனைவரிசை எல்லாம் காணாமல் போய்விடும். வராத பட்டியலை எந்தக் கணிதத்தாலும் வரவழைக்க முடியாது. பழவேற்காட்டில் எழுதப்படும் ஆயிரத்தோராவது பட்டியலைவிட, சிப்காட் சாலையில் பதினைந்து நிமிடம் நின்று எழுதும் முதல் பட்டியல் அறிவுக்குக் கூடுதலாகச் சேர்க்கிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புதிதாக எவ்வளவு தெரியவந்தது என்பதுதான் அளவுகோல்.

அந்தச் சாலையில் என்னதான் இருக்கும்? காக்கை, மைனா, மாடப்புறா, கரும்பருந்து. மின்கம்பியில் கரிச்சான். குளிர்காலமென்றால் அதே கம்பியில் தகைவிலான்கள். பனைமரம் மிச்சமிருந்தால் அதைச் சுற்றிப் பனை உழவாரன். ஆலைச் சுவருக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கிய பள்ளத்தில் மடையானும் உண்ணிக்கொக்கும். காலி மனையில் ஆட்காட்டி. எல்லாம் ஊரறிந்த பறவைகள். ஆனால் ஊரறிந்த பறவையில் ஏற்படும் மாற்றத்தைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. மாடப்புறாவும் மயிலும் நாட்டில் பெருகிவருகின்றன. கம்பியிலும் பனையிலும் உட்கார்ந்து, நீலச் சிறகை விரித்துப் பறக்கும் பனங்காடை குறைந்துவருகிறது. இரண்டுமே பட்டியல்களைக் கூட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது. பனங்காடையை அரிய பறவை என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

தொழிற்பேட்டைப் பறவைக் கணக்கால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் புகைபோக்கியால் எந்தப் பறவை குறைந்தது என்று அதனால் சொல்ல முடியாது. ஏரி வற்றியது, சாலை அகன்றது, மழை பொய்த்தது எல்லாம் ஒரே காலத்தில் நடக்கும்போது காரணத்தைப் பிரித்தெடுக்க வேறு ஆய்வுகள் வேண்டும். ஆனால் மாற்றம் நடந்ததா என்ற முதல் கேள்விக்கே விடை இல்லாதபோது காரணத்தை யார் தேடுவார்கள்? கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்ததை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். அதற்கு முன் அங்கே எந்தப் பறவை எவ்வளவு வந்தது என்று காட்டும் தொடர்ச்சியான பட்டியல் இருந்திருந்தால் அவர்கள் சொல்லுக்கு இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும்.

இன்னும் கூர்மையான உதாரணம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்காக ஐந்நூறு மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் அமைத்தார்கள். 2020 நவம்பரில் அது திறக்கப்பட்டது. வயலும் சிற்றேரியுமாக இருந்த நிலம் பெரிய நீர்ப்பரப்பாக மாறியது. வாத்துகளும் நீர்க்காகங்களும் வந்திருக்கும். வயல்வெளிப் பறவைகள் விலகியிருக்கும். எவ்வளவு? தெரிந்துகொள்ள 2020-க்கு முந்தைய பட்டியல்கள் வேண்டும். இன்று எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் 2015-ஆம் ஆண்டுக்குப் போய் எண்ணிவர முடியாது. இந்த வட்டாரத்தில் அடுத்த மாற்றம் எங்கே வரும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒன்றும் விசேஷமில்லாத இடங்களை இப்போதே எண்ணிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எண்ணுவதற்கென்று சில நாட்கள் வைக்கும் வழக்கம் பழையது. 1900 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் அதைத் தொடங்கினார். விடுமுறை நாளில் யார் அதிகம் சுடுவது என்று போட்டி வைத்து வேட்டையாடியவர்களிடம், சுடுவதை விட்டு எண்ணுங்கள் என்றார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. நம் நாட்டில் நீர்ப்பறவைகளுக்கான ஆசியக் கணக்கெடுப்பு 1987-லிருந்து சனவரிதோறும் நடந்துவருகிறது. உலகெங்கும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013-ல் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கே உரியது 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையை ஒட்டிய நான்கு நாட்கள். அந்த நாட்களைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். வலசைப் பறவைகள் இருக்கும் காலம், ஏரிகளில் தண்ணீர் இருக்கும் காலம், சென்னையிலும் சிப்காட்டிலும் வேலை செய்பவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பும் காலம். நகரத்து ஆர்வலர்கள் யாரும் எட்டிப்பார்க்காத கிராமங்களிலிருந்து அந்த நான்கு நாளில் பட்டியல் வருகிறது.

செய்முறை எளிது. குறைந்தது பதினைந்து நிமிடம். மாடியிலோ ஏரிக்கரையிலோ தொழிலாளர் விடுதி வாசலிலோ நிற்கலாம். இரவுப் பணி முடிந்து காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே போதும். தெரிந்த பறவைகளை எழுதினால் போதும், தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். பத்துப் பறவைதான் தெரியும் என்றால் அந்தப் பத்தையும் விடாமல் எழுதுங்கள். தலைக்கு மேல் ஒரே பருந்து நான்கு முறை வட்டமிட்டால் நான்கு பருந்து ஆகாது. ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதை எழுதுவது பாதுகாப்பு. மாலையில் அடையப் போகும் மைனாக் கூட்டத்தைக் கண்டால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, கூட்டம் முழுவதும் அதுபோல் எத்தனை பங்கு என்று மதிப்பிடலாம். சற்றே பிசகினாலும் பரவாயில்லை. செயலி ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் அதை எழுத வேண்டாம். பறவையைத் தேடிப் பார்த்து உறுதிசெய்த பிறகு எழுதுங்கள். ஆலை வாசலில் தொலைநோக்கியை நீட்டினால் காவலாளிக்குச் சந்தேகம் வரும். முதலில் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அங்கே நாள் முழுவதும் நிற்பவர் அவர்தான். எந்த மரத்தில் எது அடைகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

2023 அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவற்றில் நீண்டகாலப் போக்கு இன்னதென்று சொல்லும் அளவுக்குப் பதிவு இருந்தது 338 வகைகளுக்கு மட்டும். அந்த 338-ல் 204 குறைந்திருக்கின்றன. மிச்சமுள்ள அறுநூற்றுச் சொச்சம் வகைகளுக்கு ஏறியதா, இறங்கியதா என்று சொல்லவே முடியவில்லை. அடிப்படையாக எடுத்துக்கொள்ளப் பழைய பட்டியல் போதவில்லை. நீண்டகாலப் போக்கைக் கணிக்க அவர்கள் 2000-க்கு முந்தைய பதிவுகளை ஒப்பிடும் தளமாக வைத்துக்கொண்டார்கள். இ-பேர்ட் தொடங்கியதே 2002-ல்தான். அப்படியானால் அந்தப் பழைய பதிவுகள் எங்கிருந்து வந்தன? யார் யாரோ தம் நோட்டுப் புத்தகத்தில் தேதியும் இடமும் போட்டு எழுதிவைத்திருந்ததைப் பிற்பாடு தட்டச்சு செய்து ஏற்றியதால் வந்தன.

கடந்த காலத்துக்குப் போக இருக்கும் ஒரே வழி இதுதான். பூண்டியிலும் செங்குன்றத்திலும் சோழவரத்திலும் நீர்வளத் துறையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொன்னேரிப் பள்ளிகளில் மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போன ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இயற்கை மன்றத்தோடு பழவேற்காட்டுக்குப் போய்வந்த கல்லூரி மாணவர்கள் இன்று ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்களில் சிலராவது நாட்குறிப்பில் பறவைப் பெயர்களை எழுதியிருப்பார்கள். தேதி, இடம், பார்த்த பறவைகள் என்ற மூன்றும் இருந்தால் அந்தப் பக்கத்தை இன்றும் இ-பேர்டில் பழைய பதிவாக ஏற்றலாம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது தெரியாவிட்டாலும் ஏற்றலாம். நேரமும் இருந்து, பார்த்ததை எல்லாம் எழுதியிருந்தால் அதன் மதிப்பு பல மடங்கு. உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ அப்படி ஒரு நோட்டு இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.